வீடு ஒதுக்கப் போய்க் கிணறு இறைத்தோம்

எங்கள் நிறுவனத்தில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுக்கிறார்கள். அதை வைத்தே ஒரு வீட்டை ஒதுக்கிக் காலிசெய்ய எத்தனை ஆள் வேண்டும், எத்தனை லொறி வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிற வீட்டுக்காரர் அங்கிருந்தபடியே ஓம் என்கிறார். அடுத்த கிழமை வேலை தொடங்கிவிடுகிறது. போன மாதம் கந்தோர்ப் பக்கம் போயிருந்தேன். ஒரு பிள்ளை கதிரை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, உங்கடை காலத்திலை ஒப்பந்தம் எல்லாம் என்னெண்டு பிடிச்சனீங்கள்?"

"நடந்து" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சண்டிலிப்பாய்க்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது அந்தப் பதில் காணாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தவமணி. கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராக இருந்தவள். கணவர் தோட்டக்காரர், புகையிலையும் மரக்கறியும் வைப்பார். நான் வேலை பார்த்த சங்கக்கடையை மூடப்போகிறார்கள் என்று முடிவானபோது, மிச்சச் சாமான்களை ஒதுக்கி அடுக்கிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய சாக்கு வாங்க ஒருவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், வெயிலில் காய்ந்த முகம். சாக்கை எடுக்காமல் நான் அடுக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உது முடிஞ்சால் என்ன செய்யப் போறியள்?"

"தெரியேல்லை அண்ணை."

"அப்ப என்னோடை வாருங்கோ. நான் ஒரு புதுத் தொழில் தொடங்கியிருக்கிறன். ஆக்கள் இல்லாத வீடுகளை ஒதுக்கிக் குடுக்கிறது."

அவர்தான் நாயகம் அண்ணை. வடகரைக் கடலோடிக் குடும்பம். வாழ்க்கையில் பாதியைச் சரக்குக் கப்பல்களில் கழித்தவர். எங்கோ ஒரு துறைமுக நகரத்தில், தனியே வாழ்ந்து இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டை நாலுபேர் வந்து மரியாதையாக ஒதுக்கியதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். வீட்டுக்காரர் வெளிநாட்டில். உள்ளே அலுமாரியும் கட்டிலும் செத்துப்போன தாய்தகப்பனின் உடுப்பும் அப்படியே. இதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. யோசனை நல்லது. வேலை தருவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

முதலில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டோம்: "வீடுகள் காலி செய்து கொடுக்கப்படும்." இரண்டாம் நாளே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குடியிருக்கிற ஆக்கள் எழும்புறாங்கள் இல்லை. வெருட்டி எழுப்ப எத்தனை பேரைக் கொண்டு வருவியள்?" நாயகம் அண்ணை ஏணியை எடுத்துப்போய்ப் பலகையைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்தோம். உறுதி எழுதும் நொத்தாரிசுமார் கந்தோர்கள், காணித் தரகர்கள், கோயில், தேவாலயம், சவப்பெட்டி விற்கும் மலர்ச்சாலை, ஒன்றும் மிச்சமில்லை. நொத்தாரிசு ஒருவர் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்து எல்லாம் கேட்டுவிட்டு, "செத்த வீட்டுச் சாமானை அந்நியர் தொடச் சனம் விடாது" என்றார். தரகர் ஒருவர் சிரித்தார். "உதுக்கும் ஒரு கொம்பனியோ? ரெண்டு கூலியாளைப் பிடிச்சு விட்டால் முடிஞ்சுது." எங்களைக் கள்ளர் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் தகப்பனின் பழைய களஞ்சிய அறையை ஒதுக்கத் தந்தார். பிறகு ஓர் ஆசிரியையின் வீடு. நடுவே மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. லொறியை விற்றுவிடலாமா என்று நாயகம் அண்ணை கேட்கத் தொடங்கியிருந்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுதான், உள்ளே ஒருவரும் இல்லை என்பது தெரியும், பூட்டின் திறப்பும் கையில் இருக்கும். ஆனாலும் கதவில் தட்டி "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார். கொஞ்சம் நிற்பார். அதன் பிறகுதான் பூட்டைத் திறப்பார். செருப்பை வாசலில் கழற்றுவார். முதல் வேலை யன்னல்கள். எல்லா யன்னலும் திறந்து காற்று வந்துபோன பிறகே சாமானில் கை வைக்கலாம். முதலில் சாமி அறை. படங்களை வெள்ளைத் துணியில் சுற்றி ஒருபுறம் வைக்கவேண்டும். கடைசியில் சமையல் செய்கிற குசினி. பெண்களின் உடுப்பு அலுமாரியை நான் மட்டும்தான் திறக்கலாம். அதற்காகவே என்னை வேலைக்குக் கேட்டதாக ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு சட்டைப்பையிலும் கை விட்டுப் பார்க்கவேண்டும். சுண்ணக்கட்டியால் நிலத்தில் நாலு கட்டம் கீறுவார்: குடும்பத்துக்கு அனுப்புவது, ஆருக்காவது கொடுப்பது, விற்பது, எறிவது. எறிகிற கட்டத்துக்கு ஒரு பொருள் போகுமுன் இரண்டுபேர் பார்த்திருக்க வேண்டும். குரல் உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. பிழையாக எதையாவது வைத்தால் அதைத் தானே எடுத்துச் சரியான கட்டத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த வெட்கம் போதும், இரண்டாம்முறை பிழைவராது.

எங்களோடு பற்றிக் என்றொருவன் இருந்தான். கொழும்புத்துறைக் கடற்றொழிலாளி, கடலில் சங்கு குளித்துப் பழகியவன். தொழில் குறைந்த நாட்களில் எங்களிடம் வருவான்.

இப்படி இருக்கையில்தான் பட்டணத்தில் ஒரு கந்தோருக்குப் போனோம். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடு வளவுகளைப் பார்த்துக்கொடுப்பது அவர்களுடைய தொழில். முகாமையாளர் நிர்மலன் என்ற இளவயதுக்காரர், மினுக்கிய சட்டை, குளிரூட்டிய அறை. மற்றவர்களைப்போல் அவர் சிரிக்கவில்லை.

"எங்கடை பொறுப்பிலை நிறைய வீடு இருக்குது. உங்களுக்கு ஒரு வீடு தாறன். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்காரர் வாறார். அதுக்கு முதல் முடிச்சுத் தாங்கோ. நல்லாய் முடிஞ்சால் மற்ற எல்லா வீடும் உங்களுக்குத்தான்."

வெளியே வந்து லொறியில் ஏறியதும் நாயகம் அண்ணை சுக்கானில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவ்வளவு காலம் நடந்ததற்கு முதல்முறை ஒரு கதவு திறந்திருந்தது.

வீடு வலிகாமம் வடக்கில். நெடுங்காலம் படையினர் வசம், ஆட்கள் போகமுடியாமல் அடைபட்டுக் கிடந்து, கொஞ்ச வருடங்களுக்கு முன்தான் விடுபட்ட ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய தெரு. சில வீடுகள் அத்திவாரம் மட்டும். சில புதிதாகக் கட்டிப் பாதியில் நின்றன. நாங்கள் ஒதுக்கவேண்டிய வீடு, படையினர் இருந்து பாவித்தபடியால் முழுசாக நின்றது. உள்ளே தகரப்பெட்டிகள், உடைந்த கட்டில்கள், கம்பிச் சுருள்கள். குசினியின் பின்சுவர் மட்டும் இல்லை. சண்டைக் காலத்திலேயே பீரங்கிச் செல் விழுந்து, சுவர் முழுசாகச் சரிந்து பக்கத்தில் இருந்த கிணற்றுக்குள் போயிருந்தது. கிணற்றின் வாய்வரைக்கும் கல்லும் ஓடும். மேலே எருக்கலை முளைத்துப் பூத்து நின்றது.

முதல்நாள் நாங்கள் லொறியை நிறுத்தியதுமே எதிர்வீட்டுப் பெண் தன் படலைக் கதவடிக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இலட்சுமி அக்கா. ஐம்பது வயது கடந்தவர்.

"ஆற்றை ஆக்கள் நீங்கள்? சின்னத்துரையின்ரை வீட்டை ஒதுக்கவோ வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா."

"அப்ப உந்தக் கிணத்தையும் ஒருக்காப் பாருங்கோ. இந்த ஒழுங்கையின்ரை பித்தளை முழுக்க உதுக்கைதான் கிடக்காம்!" என்று சிரித்தார். கேட்டவருக்கு நோகவேண்டும் என்று சிரிக்கிற சிரிப்பு.

கிணறு தூர்ந்து கிடந்ததால் தண்ணீருக்கு நான் அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. குடம் நிறைகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை முழுவதும் வந்தது.

சண்டை நெருங்கி எல்லோரும் ஊரைவிட்டு ஓடின நாளில் அந்த ஒழுங்கையில் ட்ராக்டர் வைத்திருந்தவர் சின்னத்துரை ஒருவர்தான். கையில் குழந்தைகுட்டியோடு நடக்கிற சனம் பித்தளையைக் காவமுடியுமா? குத்துவிளக்கு, கிடாரம், அண்டா, செம்பு, தாம்பாளம் என்று எல்லா வீட்டுச் சாமானையும் அவருடைய ட்ராக்டர்ப் பெட்டியில் ஏற்றினார்கள். "நீங்கள் நடவுங்கோ, நான் கொண்டு வாறன்" என்றாராம். அவர்கள் போய்த் தங்கிய பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் ஒரு செம்புகூட இல்லை. நடக்க ஏலாத கிழடுகளும் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் வேறூர்க் காயக்காரர் சிலரும் இருந்தார்கள். றோட்டில் அவர்களைக் கண்டதும் திரும்பிப்போய்ச் சாமானை இறக்கிவிட்டு வந்தேன், கிணற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார்.

"ஆர் நம்பினது?" என்றார் இலட்சுமி அக்கா. "செல் விழுந்து கொண்டிருக்கேக்கை ஆரும் கிணத்துக்கை பாத்திரம் அடுக்குவினமோ? வித்துப்போட்டார் எண்டுதான் சனம் கதைச்சுது. சந்தையிலை கண்டனான் எண்டு சொன்ன ஆக்களும் இருக்கினம். போய்ப் பாக்கவும் ஏலாது, இடம் பூட்டியாச்சு. அடுத்த வரியமே காய்ச்சலிலை மனுசன் செத்துப்போச்சு. இந்த ஒழுங்கைச் சனம் ஒண்டும் செத்தவீட்டுக்குப் போகேல்லை. பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போட்டுது. இடம் விட்ட உடனை நாங்கள் வந்து அலவாங்காலை குத்திப் பாத்தனாங்கள். கல்லுத்தான் முட்டுது."

குடம் நிறைந்து வழிந்தது. அவர் பார்க்கவில்லை.

"என்ரை கலியாணத்துக்கெண்டு அம்மா ஒரு சோடிக் குத்துவிளக்கு வாங்கி வைச்சிருந்தவ. அதுவும் அந்தப் பெட்டியிலை. அகதிமுகாமிலை இரவல் விளக்குக் கொளுத்தித்தான் நான் தாலி கட்டினனான்."

இதை நான் நாயகம் அண்ணையிடம் சொன்னேன். அவர் கிணற்றடிக்குப் போய் எருக்கலைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, சரிந்து கிடந்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வேலை சீராகப் போனது. நிர்மலன் பார்க்க வந்து திருப்திப்பட்டார். கிணற்றைக் காட்டி, "இதுக்கு மேலை மண் போட்டு நிரவிக் கொங்கிறீற் போட்டுவிடுங்கோ. அவருக்குக் குழாய்க்கிணறு அடிச்சுக் குடுப்பம்" என்றார்.

"தம்பி, வீட்டை ஒதுக்கித் தரச் சொன்னனீங்கள். கிணறும் வீடுதான்" என்றார் நாயகம் அண்ணை.

"அண்ணை, உதைத் தோண்டத் தொடங்கினால் திருவிழாவுக்கு முடியாது. முடியாட்டி மற்ற வீடுகளைப்பற்றி நான் கதைக்க ஏலாது."

"வீட்டுக்காரரோடை நான் ஒருக்காக் கதைக்கட்டோ?"

நிர்மலனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தொலைபேசியில் எடுத்துக் கொடுத்தார். சின்னத்துரையின் மகன் குகன், கனடாவில் இருந்தார். ஊரைவிட்டுப் போகும்போது சின்னப் பையன். நாயகம் அண்ணை கிணற்றைத் தோண்டிப் பார்க்கவா என்று கேட்டார். தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் மறுபக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

"வேண்டாம் அண்ணை. மூடிவிடுங்கோ."

"தம்பிக்குக் கதை தெரியுமோ?"

"தெரியும். அம்மா சாகுமட்டும் அந்தக் கதைதான் கதைச்சவ. அப்பா பொய் சொல்லமாட்டார் எண்டு நான் நம்புறன். கிணறு மூடிக் கிடக்கும்வரைக்கும் அப்பிடி நம்பலாம். திறந்து பாத்து ஒண்டும் இல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?"

நாயகம் அண்ணை வற்புறுத்தவில்லை. "நீங்கள் சொன்னபடி செய்யிறன் தம்பி. இண்டைக்கு ஒருநாள் விடுறன், யோசியுங்கோ" என்று மட்டும் சொன்னார். நான் நினைத்தேன், மூடத்தான் போகிறோம் என்று. ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது. வேலை முடியும், வீடுகள் கிடைக்கும்.

மறுநாள் காலையில் குகன் தானே தொலைபேசி எடுத்தார்.

"தோண்டுங்கோ அண்ணை. ஆனால் ஒண்டும் இல்லையெண்டால் எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஊருக்குத் தெரியவேண்டாம்."

"அது ஏலாது தம்பி. கிணத்தைச் சுத்தி ஒழுங்கையே வந்து நிக்கும். இருந்தாலும் தெரியும், இல்லாட்டிலும் தெரியும்."

"சரி" என்றார் குகன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வளவை முன்பே பார்த்து முடித்திருந்தார்கள். கிணற்றைப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் சொல்லாமல் ஒரு கல்லை எடுக்கவும் எங்களுக்கு அனுமதியில்லை. போய்க் கேட்டுக் காத்திருந்தோம். ஒருவழியாக வந்தார்கள். மேல்கற்கள் கொஞ்சத்தை அவர்களே எடுத்துவிட்டு, உலோகம் தேடும் கருவியை உள்ளே பிடித்தார்கள். அது கத்தத் தொடங்கியது. எங்கு பிடித்தாலும் கத்தியது. குழுத் தலைவர் கையைக் காட்டி எல்லோரையும் ஒழுங்கைக்கு வெளியே போகச் சொன்னார்.

"கீழை முழுக்க இரும்போ என்னவோ. குண்டாயும் இருக்கலாம். இப்பிடியே மூடுறது நல்லம்" என்றார் அவர். நிர்மலனும் அங்கே நின்றார். அவருடைய முகத்தில், நான் சொன்னேன்தானே என்பது எழுதியிருந்தது.

"பித்தளையாயும் இருக்கலாம்" என்றார் நாயகம் அண்ணை மெதுவாக.

குழுத் தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களோடு கதைத்துவிட்டு, கிணற்றைத் தாங்களே துப்புரவாக்கிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அது பல நாள் வேலை. ஒவ்வொரு அடுக்காகக் கல்லை எடுப்பார்கள், கருவியைப் பிடிப்பார்கள், நிறுத்துவார்கள். கம்பிச் சுருள் வந்தது, தகரம் வந்தது. துருப்பிடித்த செல் ஒன்று வந்து, அதைத் தூரக் கொண்டுபோனார்கள். தண்ணீர் மட்டம் வரைக்கும் போனபிறகு தலைவர் எங்களிடம் வந்தார். "இனி வெடிக்கிறது ஒண்டும் இல்லை. கருவி இன்னும் கத்துது, ஆனால் இது இரும்புச் சத்தமில்லை. இனி உங்கடை வேலை." திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டிருந்தது. நிர்மலன் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பம்பைப் போட்டுத் தண்ணீரை இறைத்தோம். கறுத்த தண்ணீர், பிறகு சேறு. பற்றிக் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்துவிட்டது. இலட்சுமி அக்கா எல்லோருக்கும் பின்னால், தன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பற்றிக் கீழே சேற்றுக்குள் காலால் துழாவிக்கொண்டு நின்றான். திடீரென்று அசையாமல் நின்றான்.

"அண்ணை! காலுக்கை என்னவோ வளைவாய் முட்டுது. கல்லில்லை. பெரிசு."

குனிந்து கையால் சேற்றை வழித்தான். கயிற்றைக் கேட்டான். இழுக்க நாலுபேர் வேண்டியிருந்தது. கிணற்றுக் கட்டில் உரசிக்கொண்டு மேலே வந்தது ஒரு கிடாரம். கறுத்துப் பச்சைபிடித்து, பார்த்தால் பித்தளை என்று சொல்லமுடியாது. வாயில் தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தது. நான் முடிச்சில் கை வைத்தேன். சேலை என் விரலோடு கரைந்து வந்தது. நாயகம் அண்ணை தாம்பாளத்தைத் தூக்கினார்.

உள்ளே அண்டா, அண்டாவுக்குள் குடம், குடத்தைச் சுற்றிச் செம்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கறுத்த தும்புபோல ஏதோ திணித்திருந்தது. நாயகம் அண்ணை அதில் கொஞ்சம் எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

"தங்கச்சி, வைக்கல். ஒண்டோடை ஒண்டு முட்டி நெளியாமல் வைக்கல் வைச்சு அடுக்கியிருக்கிறான் மனுசன். நான் கப்பலிலை எத்தினை சரக்கு அடுக்கியிருப்பன்? செல் விழேக்கை ஒருத்தன் நிண்டு இப்பிடி அடுக்கினதை நான் காணேல்லை."

அவ்வளவுதான், கயிறு ஓயவில்லை. கிடாரம் கிடாரமாக வந்தது. ஒன்று வந்து வைக்குமுன் பற்றிக் கீழிருந்து மற்றதற்குக் குரல் கொடுத்தான். முற்றம் நிறைந்து, படலை தாண்டி, ஒழுங்கைக்குள் வைக்கத் தொடங்கினோம். சேறு வழிய வழிய வரிசையாகப் பித்தளை. என் வாழ்க்கையில் எத்தனையோ அலுமாரி திறந்திருக்கிறேன், எத்தனையோ பெட்டி. அந்த முற்றத்தில் கண்டதுபோல ஒன்றைக் கண்டதில்லை. ஒரு மனிதனும், கட்டியிருந்த சேலையைப் பார்த்தால் அவன் பெண்சாதியுமாக, தலைக்கு மேலே செல் போகிற நேரத்தில், இவ்வளவையும் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறார்கள். பிறகு போய் முன்பின் தெரியாத காயக்காரரை ஏற்றியிருக்கிறார். கேட்டவர்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை.

இலட்சுமி அக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் பழப்புளி. வரிசைக்குள் நடந்து, துணிச் சுருள் ஒன்றுக்குள் இருந்த ஒரு சோடி விளக்கைத் தேடி எடுத்தார். நிலத்தில் இருந்து, மடியில் வைத்துப் புளியால் தேய்த்தார். கறுப்புக்குள் இருந்து மஞ்சள் மெதுவாக வந்தது. அடிப்பாதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெரிந்தன. அவருடைய தாயின் பெயரெழுத்தும் அவருடைய பெயரெழுத்தும்.

அவர் அழவில்லை. எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"மனுசன் சொன்னது மெய். செத்தவீட்டுக்கும் நாங்கள் போகேல்லை."

சனத்துக்குள்ளே இருந்து ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் கிணற்றைக் கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

சாமான் எல்லாவற்றிலும் பெயரெழுத்து இருந்ததால் உரியவர்களுக்குக் கொடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இங்கே இருந்த சொந்தக்காரர் பொறுப்பெடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பூட்டிய வீடு ஒன்று எங்கேயாவது இருந்தது. பிள்ளை கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இதுதான்: அந்த மாதத்துக்குப் பிறகு நாங்கள் வேலை தேடி நடக்கவில்லை. திறப்புகள் எங்களைத் தேடி வந்தன. நிர்மலனும் ஒருநாள் வந்தார். பிந்திவிட்டது என்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திறப்புக் கோர்வை ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "எங்கடை வீடுகள். எல்லாத்துக்கும் கிணறு இருக்கு, பாத்துச் செய்யுங்கோ" என்றார். நாயகம் அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அவர் இறந்து கொஞ்சக் காலமாகிறது. தொழிலை இப்போது அவருடைய மருமகள் நடத்துகிறாள். அந்தத் திறப்புகளில் தொடங்கியதுதான் இன்றைய நிறுவனம்.

ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது குகன் வந்த நாளை.

சாமான் கிடைத்த செய்தியை அன்றே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். அவர் கோயில் தேர்முட்டிக்குக்கூடப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார். தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். ஒழுங்கைக்குள் கார் நுழைந்ததும் வீடுவீடாகச் சனம் வெளியே வந்தது. ஒருவரும் முன்னால் போய்க் கதைக்கத் துணியவில்லை. அவரும் யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். சுவர் தேய்த்துக் கழுவி, புதுத் துலாக்கயிறு போட்டு வைத்திருந்தோம். அடியில் தண்ணீர் தெளிந்து நின்றது.

"எல்லாம் குடுத்தாச்சோ?" என்று நாயகம் அண்ணையிடம் கேட்டார்.

"ஓம் தம்பி. எல்லாம் உரிய ஆக்களிட்டைப் போட்டுது."

"எங்கடை வீட்டுச் சாமான்? அம்மாவின்ரை பெரிய கிடாரம் ஒண்டு இருந்தது. அப்பாவின்ரை பெயர் வெட்டின செம்பு ஒண்டு. எனக்கு அந்தச் செம்பு மட்டும் போதும்."

நாயகம் அண்ணை என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றின் எழுத்தையும் தேய்த்துப் பார்த்தவள் நான்தான். அப்படி ஒன்று இருக்கவில்லை. அவர்களுடைய வீட்டுச் சாமான் ஒன்றுகூட அந்தக் கிணற்றில் இருக்கவில்லை. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. ஊரார் சாமானை இறக்கி முடித்திருக்கிறார். பிறகு நேரம் இருந்திருக்காது. தன் வீட்டுப் பித்தளையைக் குசினியில் இருந்தபடியே விட்டுவிட்டு ட்ராக்டரை எடுத்திருக்கிறார்.

"இல்லைத் தம்பி" என்றேன். "உங்கடை வீட்டுச் சாமான் ஒண்டும் கிணத்துக்கை இருக்கேல்லை."

குகன் என்னையே பார்த்தார். அவருக்கும் அது மெல்ல மெல்ல விளங்கியதை அவருடைய முகத்தில் கண்டேன். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்தார். ஒழுங்கையில் நின்ற சனம் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றது.

இலட்சுமி அக்கா தன் வீட்டுக்குள் போய் வந்தார். துலக்கிய செம்பு ஒன்று அவர் கையில். கிணற்றில் தானே தண்ணீர் அள்ளி, செம்பை நிரப்பி, இரண்டு கையாலும் குகனிடம் நீட்டினார்.

"குடியுங்கோ தம்பி. உங்கடை அப்பாவின்ரை கிணத்துத் தண்ணி."

அவர் அண்ணாந்து, வாய்படாமல், செம்பு முடியும்வரைக்கும் குடித்தார்.